ஒட்டுப் போட்ட தார்ப்பாய்

கொள்முதல் நிலைய வாசலில், எடைபோட முறை வராமல் ஒரு நெல் குவியல் நான்கு நாளாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் வானம் இருட்டியது. நெல்லை விளைவித்த அஞ்சம்மாள் தார்ப்பாயோடு ஓடிவந்து மூடி, ஓரங்களில் கல் வைத்தாள்.

"அண்ணே, உங்க மேல ஒரே ஒட்டா இருக்கே. ஒழுகாதா? நனைஞ்சா என்னை எடுக்க மாட்டாங்க" என்றது நெல்.

"ரெண்டு மழைக்காலம் ஒழுகாம நின்னவன் நான்" என்றது தார்ப்பாய்.

"எங்கே?"

"அவ வீட்டுக் கூரை மேல. இப்பதான் பிரிச்சு எடுத்துட்டு வந்தா."

மழை கொட்டியது. "அண்ணே, நான் சமாளிச்சுக்குறேன். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றது நெல்.

"நீ நனையாம விலைபோனாத்தான் அந்த வீட்டுக்கு ஓடு போடுவா. பேசாம கிட."

ஓரத்தில் எட்டிப் பார்த்த கடைசி மணியையும் நெல் உள்ளே இழுத்துக்கொண்டது.