பதினேழாம் எண்

“பதினேழாம் நம்பரைப் பாஸ் போட்டுடும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

இன்ஜினியர் செவேரோ அபாசா கறி அடைத்த சூடான சால்தேனாப் பலகாரப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துகொண்டார். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்க வேண்டும்!

பொலிவியாவின் ஒரூரோ நகரில் அவருக்கு எந்தக் கதவும் அடைபட்டதில்லை. பல்கலைக்கழகக் காவலாளி “வாங்க இன்ஜினியர்” என்று ஓடிவந்து திறந்தான். ஆபீஸ் அம்மா கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த வட்டாரத்தில் ஆறு பாலம் கட்டிய மனிதர் என்றால் சும்மாவா?

லிஸெத் கோல்கே கோச்சபம்பாவிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. சிவில் மாணவர்களின் திறமையை மெஷின் வைத்து அளக்கிற கூடம் அவள் பொறுப்பு. பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டால் எதிரே ஆறு, பாதி கட்டிய பாலம், கூச்சல் போடும் மேஸ்திரிகள் எல்லாம் நிஜம்போல வந்துவிடும். மாணவர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று கவனித்து மெஷினே மதிப்பெண் போடும். சிபாரிசு தலை நீட்டக் கூடாது என்றுதான் பெயரே இல்லாமல் வெறும் எண்.

“மன்னிக்கணும் இன்ஜினியர். அவர் யாருன்னே எனக்குத் தெரியாது...”

“நம்ம பையன்தான். நான் கேரண்டி. மாசக் கடைசிக்குள்ள பட்டம் கையில இல்லேன்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. புதுச் சட்டமாம், மண்ணாங்கட்டி!”

லிஸெத் பதினேழாம் எண்ணின் போன தேர்வு முடிவைத் திரையில் கொண்டுவந்து அவர் பக்கம் திருப்பினாள்.

“கணக்கு தொண்ணூத்தாறு. வரைபடம் தொண்ணூறு. இவ்வளவு கெட்டிக்காரரை நான் பார்த்ததே இல்ல. ஆனா ஆளுங்களோட சேர்ந்து...”

“அதான் கணக்கு சரியா இருக்கே. முடிஞ்சுது.”

“சேர்ந்து வேலை செய்யறதுல பன்னிரண்டு! பாஸாக ஐம்பத்தொண்ணு வேணும். நாற்பது நிமிஷத்துல யார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கல, இன்ஜினியர். மேல வெள்ளம் வருதுன்னு மேஸ்திரி சொல்ல வர்றான். வாயை மூடுன்னு கத்தறார். அப்புறம்...”

“மேஸ்திரியைக் கேட்டுக் கேட்டு வேலை செஞ்சா சைட்ல நாய்கூட மதிக்காது. உன் மெஷின் ஒரு மூட்டை சிமென்ட் தூக்கினதில்ல. அதுக்கு இதெல்லாம் தெரியாது.”

“அந்தப் பாலத்து மேல நாலு பேர் நின்னாங்க. நிஜ ஆறா இருந்தா நாலு பேரும் போயிருப்பாங்க.”

இன்ஜினியர் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

லிஸெத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்க பெரியவங்க. என்னை வேலையை விட்டு அனுப்பக்கூட உங்களால முடியும். ஆனா பன்னிரண்டை ஐம்பத்தொண்ணாக்க மாட்டேன். அவருக்குக் கடைசி வாய்ப்பு இன்னைக்குப் பதினோரு மணி. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஃபோன் போட்டு வரச் சொல்லுங்க.”

“ஃபோன் வேண்டாம். வந்தாச்சு.”

லிஸெத் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

இன்ஜினியர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். “அஞ்சு வருஷப் படிப்பை முடிச்சேன், தீசிஸ் மட்டும் கொடுக்கல. முதல் பாலம் கூப்பிட்டுது, போயிட்டேன். இருபத்தெட்டு வருஷமா ஊரே இன்ஜினியர்ங்குது. பட்டத்தைக் காட்டுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இப்ப தீசிஸுக்குப் பதிலா இந்தப் பரீட்சை.”

கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது.

“போன தடவை உனக்கு முன்னாடி இங்க இருந்த பொண்ணு சொல்ல வந்துச்சு, நான் காது கொடுக்கல. இதை எப்படிம்மா மாட்டணும்?”