சால்வை போர்த்திய ஆறு புதன்கிழமைகள்

2019, ஜூலை 10, புதன்கிழமை, பகல் ஒரு மணி பத்து நிமிடம். பேருந்து நிலையத்தின் டயர்க் கிடங்கை ஒட்டிய சிற்றறையில் மதிய ஜெபக்குழுவினர் பதினொரு பேரும் கூடியிருந்தனர். குழுவை ஒன்பது ஆண்டுகளாக நடத்திவந்த அறிவிப்பாளர் அக்காவுக்கு அந்த மாத இறுதியில் பணிமாற்றம். அடுத்த தலைவர் யார் என்பதை அன்றே எழுதிக் கொடுக்காவிட்டால், மேலாளர் அந்த அறையைத் திரும்பவும் டயர் அடுக்க எடுத்துக்கொள்வார்.

“அறிவிப்புக்கு மெஷின் வந்துருச்சு. ஜெபத்துக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாமா?” என்றார் டைம்கீப்பர். குழுவின் குறிப்பேடு அவர் பொறுப்பு.

“வாயைக் கழுவுங்க சார்!” என்றார் கேன்டீன் அம்மா. “அக்காவே தொண்டை போய் உக்காந்திருக்காங்க. உங்களுக்குக் கிண்டல்!” அவர் வெந்நீரில் தேன் கலந்து கொண்டுவந்திருந்தார்.

அக்கா புன்னகையோடு குவளையை வாங்கிக்கொண்டார், பேசவில்லை. கழுத்தைச் சுற்றிச் சால்வை, மடியில் சிலேட்டு. ஆறு புதன்கிழமைகளாக இதே கோலம். முதல் வாரம் அவர், ‘இங்கே நான் கொஞ்ச காலம் பேசப்போவதில்லை. நீங்கள் நடத்துங்கள்’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டியபோது, குழுவே பதறிப்போயிற்று. மற்ற நாட்களில் அவர் மாடியறையை விட்டு இறங்குவதே அபூர்வம். ஒலிபெருக்கியில் மட்டும் அவருடைய குரல் பிசிறில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. மே மாதமே அதைப் பதிவு செய்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்களே!

“ஆரம்பிக்கலாமா?” என்று எழுந்தார் மின்பணியாளர்.

அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். விளக்கு எரியவில்லை என்றாலும் “நாளைக்கு”, ஜெபம் செய்யுங்கள் என்றாலும் “நாளைக்கு” என்பார். முதல் வாரம் அக்கா சிலேட்டை நீட்டியது அவரிடம்தான். வியர்த்து வழிய அவர் செய்த ஜெபம் முழுவதும் இவ்வளவே: “ஆண்டவரே, வந்திருக்கோம். ஆமென்.” 

கூட்டம் முடிந்ததும் அக்கா அவருக்கு மட்டும் எழுதிக் காட்டினார்: ‘நன்று. அடுத்த வாரம் இன்னும் இரண்டு வாக்கியம்.’

இரண்டு நான்காயிற்று. நான்காம் வாரம், ஜெபத்தில் பெயர் சொன்னால் போதாதென்று, கால் முறிந்து கிடந்த ஓட்டுநரை அவரே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து வந்தார். இன்றைக்கு வேதபாடத்தையும் அவரே தேர்ந்திருந்தார்: மோசே, தனக்குப் பேச வராது என்று கடவுளிடம் சாக்குச் சொல்லும் பகுதி.

“வாசிக்கிறது யாரு?” என்று கேட்டவர், கடைசி பெஞ்சிலிருந்த துப்புரவுப் பணியாளரைப் பார்த்தார். “நீங்க வாசிங்கம்மா.”

“ஐயோ, நானா? நாளைக்கு வாசிக்கிறேன் அண்ணே.”

“அந்தப் பேர் ஏற்கெனவே ஒருத்தருக்கு இருக்கும்மா. எழுத்துக் கூட்டியே வாசிங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

அறை குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மா தடுமாறித் தடுமாறி, முகம் சிவக்க, ஒன்பது வசனங்களையும் வாசித்து முடித்தார். அக்கா சிலேட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஒன்று முப்பத்தைந்துக்கு, வழக்கம்போல் எல்லாருக்கும் கையசைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

“பாவம், பட்டனை அமுக்கக்கூட இவங்கதான் ஏறிப் போகணும்,” என்றார் கேன்டீன் அம்மா.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “பயணிகளின் கவனத்திற்கு. ஒன்று நாற்பதுக்குப் புறப்பட வேண்டிய பேருந்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும்.”

“மெஷின்ல என்ன கணீர்னு இருக்கு! நேர்ல ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே.” கேன்டீன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, விஷயத்துக்கு வருவோம்,” என்றார் டைம்கீப்பர். “இனிமே நடத்துறது யாரு?”

ஒன்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மின்பணியாளர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

“சரி,” என்றார் அவர். “இன்னைக்கே எழுதிக்கோங்க.”

கைதட்டல் அடங்கியதும் டைம்கீப்பர் பேனாவைத் திறந்தார். “அந்த மெஷினை மாட்டினதும் இவர்தான், இப்போ குழுவுக்கும் இவர்தான். நல்ல பொருத்தம்!”

“எந்த மெஷினை?”

“அறிவிப்பு மெஷினைத்தான். ஜூன் மாசம் மாட்டினீங்களே?”

மின்பணியாளர் தலையைச் சொறிந்தார். “அது இன்னும் பெட்டியிலதான் சார் இருக்கு. நாளைக்கு மாட்டலாம்னு இருந்தேன்.”

எல்லாருடைய கண்களும் ஒலிபெருக்கியை நோக்கின.

“அப்போ அக்காவுக்குத் தொண்டை வலி?” என்றார் கேன்டீன் அம்மா.

“வலின்னு அவங்க எப்போம்மா சொன்னாங்க?” என்றார் மின்பணியாளர். “பேசப்போறதில்லைன்னுதானே எழுதினாங்க. வலின்னு முடிவு கட்டினது நீங்க.”

“உங்களுக்கு முதல் வாரமே தெரியுமா? தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே!”

“திறந்திருந்தா அவங்களையே நடத்தச் சொல்லியிருப்பீங்க,” என்றார் மின்பணியாளர். “எனக்கு இது பிடிச்சுப்போச்சு.”

டைம்கீப்பர் குறிப்பேட்டில் எழுதினார்: ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து குழுவை மின்பணியாளர் நடத்துவார்; அக்காவின் தொண்டை ஜெபக்குறிப்புகளிலிருந்து நீக்கப்படுகிறது.