சோதனை வரி

“மூணுல மோசமானதையே பொறுக்கி எடுத்திருக்கீங்களே மாப்பிள்ளை, இதுக்கா ஒரு வாரம்?”

மைத்துனர் கையிலிருந்த காகிதத்தை மேசையில் அடித்தார். எழுத்துரு வடிவமைக்கும் மூன்று புதிய மென்பொருள்களை இருவரும் ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்பு அது.

“முதலாவதுக்குக் கம்ப்யூட்டரையே மாத்தணும். ரெண்டாவதுல கொம்பு ஒரு ஊர்ல நிக்குது, எழுத்து ஒரு ஊர்ல நிக்குது. நீங்க கேக்குற மூணாவது, போட்டு வெச்ச இடைவெளியை எல்லாம் முழுங்கிட்டு ஏப்பம் விடுது. பழசுக்கு என்ன குறைச்சல்?”

“பழசாயிடுச்சு மச்சான்.”

“அடேங்கப்பா! பெரிய கண்டுபிடிப்பு.”

அவன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் பாடநூல் அச்சகத்துக்கு எழுத்துருவைக் கொடுத்தாக வேண்டும். எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்று, அறுநூறு ஜோடிகளுக்கு அவன் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்து அமைத்திருந்தாள். அது முழுதாக இருந்தது பழைய மென்பொருளில் மட்டும்தான். உள்ளறையில், தன் மேசையிலேயே அவள் சாய்ந்து நான்கு மாதம் ஆகிறது.

“அறுநூறையும் நானே திரும்பப் போடுறேன்.”

“பத்து நாள்லயா? விளையாடுறீங்களா?”

“முடியும்.”

“முடியும், முடியும்! கல்லு மாதிரி நின்னுக்கிட்டு இதையே சொல்லுங்க.” மைத்துனரின் குரல் உடைந்து மறுபடி ஏறியது. “அவ துணிமணியை ஒரே மாசத்துல மூட்டை கட்டினீங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உள்ளறையைப் பூட்டினீங்க. அதையும் கேக்கல. இப்ப அவ செஞ்ச வேலை. என் தங்கச்சி இருந்த தடமே இருக்கக் கூடாதா உங்களுக்கு?”

“அப்படி இல்ல மச்சான்.”

“வேற எப்படி? பழசுலதானே அவ அந்த ரூம்ல தட்டினா, இந்த ரூம்ல உங்க திரையில வரும்? ஊர்ல எல்லாரும் சோதனைக்குக் கண்ட எழுத்தையும் தட்டுவாங்க. அவ வாக்கியமா தட்டுவா. ‘துரைக்கு இன்னும் பசிக்கலையா’ன்னு. நீங்க ஒண்ணையாவது படிச்சிருக்கீங்களா? வளைவு சரியா, இடைவெளி சரியா, அதோட சரி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

“போதும், நிறுத்துங்க.” அவன் குரல் அன்று முதல் முறையாக உயர்ந்தது.

“ஏன் நிறுத்தணும்? பழசாயிடுச்சுன்னுதானே சொல்றீங்க? இப்பவே ஓட்டிக் காட்டுறேன்.” மைத்துனர் அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான், அதைத் தொடாதீங்க!”

“நீ யாருடா எனக்குச் சொல்ல?”

நான்கு வருடத்தில் முதல் முறையாக மாப்பிள்ளை ‘நீ’ ஆனான். கூடவே ஒரு ‘டா’வும். அவன் நீட்டிய கையை மைத்துனர் தட்டிவிட்டார். மென்பொருள் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது.

“பாரு! நல்லாத்தானே ஓடுது? இதைப் போய்...”

அந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போது திறந்தாலும், கடைசியாகத் தட்டிய சோதனை வரியை அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். இப்போதும் நிறுத்தியது, திரை நிறைய, பெரிய எழுத்தில்.

‘நெஞ்சு வலிக்குது. சீக்கிரம் வாங்க.’

மைத்துனர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“இது... எப்ப வந்தது மாப்பிள்ளை?”

“அன்னைக்கு. காதுல பாட்டு மாட்டியிருந்தேன்.” அவன் திரைப் பக்கம் திரும்பவில்லை. “அழிச்சிடலாம்னு பார்த்தா, கை வரல.”

“அப்ப, உன் கண்ணுல படவே இல்லையா?”

“வந்த உடனே பட்டுது மச்சான். இருபது நிமிஷம் அந்த வரியையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். ‘ஞ்’க்கும் ‘சு’வுக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் அதிகமா இருந்தது, குறைச்சுக்கிட்டிருந்தேன்.”