ஐந்தாம் படி

“வாயைத் திறந்தா பூஜ்யம்” என்று விரிவுரையாளர் மறுபடியும் சொன்னார்.

தொழில்நுட்ப எழுத்துப் பாடத்தின் கடைசித் தேர்வு. ஒரு மெஷினை எப்படிக் கையாள்வது என்று நாங்கள் எழுத வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, எழுதியபடியே செய்வார். எழுதியவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்தது லேமினேஷன் மெஷின். உள்ளே சிக்கிய தாளை வெளியே எடுப்பது எப்படி?

சோதிக்க ஆள் தேடி விரிவுரையாளர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு, கையைச் சீருடையில் துடைத்தபடி வந்தாள்.

ஒருவரையொருவர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றோம் இருவரும். படிவத்தில் டிக் அடித்தார்.

என் தாளின் மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்தார். ஒரு படியைச் செய்து முடித்தால்தான் அட்டை இறங்கும், அடுத்த படி தெரியும்.

அவள் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்று படிகள் தடங்கலில்லாமல் நடந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அட்டை இறங்கியது. நான்கு: மேல்மூடியைத் திறந்து, சிக்கிய தாளை விரல்களால் பிடித்து இழுக்கவும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்து இன்னும் அட்டைக்கு அடியில் இருந்தது. எச்சரிக்கை: மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, உருளைகளை அரை மணி நேரம் ஆறவிடவும்.

முன்னால் வர வேண்டியதைப் பின்னால் எழுதித் தொலைத்திருந்தேன்.

அவள் மூடியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்திருக்க வேண்டும், கையைப் பின்னுக்கு இழுத்தாள். விரிவுரையாளரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் இந்தப் பாடம் போனால் ஒரு வருஷம் போச்சு. வாயைத் திறந்தால் எந்த வார்த்தை முதலில் வந்து விழுமோ என்ற பயம் வேறு.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

தாளில் எழுதியிருக்கிறதே என்று அவள் விரல்களை உள்ளே விட்டாள்.

கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சிக்கியதை முழுசாக உருவி மேசைமேல் வைத்தாள். அப்புறம்தான் கையை உதறினாள்.

விரிவுரையாளர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். விரல்களைத் தண்ணீரில் வைத்திருந்தவளிடம், எழுத்தில் எங்கே தப்பு என்று கேட்டார்.

“எழுத்தெல்லாம் தெளிவாத்தாங்க இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

எழுத்துக்குப் பாதி மதிப்பெண் போனது. கடைசிவரை வாய் திறக்காததற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வலது கையில் கட்டு. இடது கையால் எனக்குத் தட்டை எடுத்து வைத்தாள்.

“பாஸாயிட்டல்ல?” என்றாள் அம்மா.