முடிச்சுப் போடாத நார்

பனிமூட்டத்துக்குள், கிணற்றின் மேல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது தூக்கணாங்குருவிக் கூடு. விடிந்து பார்த்தால் மறுபடியும் ஓட்டை. வளர்ந்து பறந்துபோன மூத்த மகன்தான் தன் கூட்டுக்கு நார் உருவிக்கொண்டு போயிருந்தான்.

"உள்ளே குஞ்சுங்க இருக்கிறது தெரியாதா அவனுக்கு?" என்று அழுதது அம்மா குருவி.

அப்பா குருவி ஓட்டையை அடைத்து, ஒவ்வொரு நாரையும் இரட்டை முடிச்சாக இறுக்கியது. பிறகு கூட்டுக்கு வெளியே நாலு பச்சை நாரை மட்டும் முடிச்சே போடாமல் தொங்கவிட்டது.

"திருடனுக்குப் படையல் வேறயா?"

"கேட்க வாய் வரல அவனுக்கு. இதை எடுத்தா கூடு விழாது, விடு."

தினமும் அந்த நார் காணாமல் போகும். தினமும் அப்பா குருவி புதிதாகத் தொங்கவிடும்.

ஒருநாள் விடிந்தபோது நாலு நாரும் அப்படியே காற்றில் ஆடின.

"பார்த்தீங்களா, திருந்திட்டான்!" என்றது அம்மா குருவி.

அப்பா குருவிக்கு அன்று இரை இறங்கவில்லை. மகன் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.