வலது பக்கம் வந்த புதுப் பல்

ஒரு வாயின் வலது பக்கத்தில் ஆறு வருஷமாகக் கடைவாய்ப்பல் இல்லை. மெல்லும் வேலை முழுவதும் இடது கடைவாய்ப்பல்லின் தலையில்தான் விழுந்தது.

கடைசியில் டாக்டர் வலது தாடை எலும்பில் ஒரு திருகாணியைப் பதித்தார். அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க நாலு மாதம் ஆனது. அப்புறம் ஒரு நாள் அதன்மேல் புதுப் பல் ஏறி உட்கார்ந்தது.

வாய் முழுக்க ஒரே அமர்க்களம்! நாக்கு ஓடி ஓடிப் புதுப் பல்லைத் தடவிப் பார்த்தது. "என்ன வழுவழுப்பு! வாப்பா, வா! முதல் முறுக்கு உனக்குத்தான்!"

"அப்பாடா, இனிமே எனக்கு ஓய்வு!" என்று கூவியது இடது பல்.

டாக்டர் சரி என்றதும் முறுக்கு வந்தது. புதுப் பல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. முன்பற்கள் நறுக்கென்று கடித்துக் கொடுத்தன. நாக்கு அந்தத் துண்டை வாங்கி, ஒரே தள்ளாக இடது பக்கம் தள்ளியது.

"அண்ணே, நான் இங்கே இருக்கேன்!" என்று கத்தியது புதுப் பல்.

"அடேய், அந்தப் பக்கம் ஆள் வந்தாச்சுடா!" என்று மென்றபடியே அலறியது இடது பல்.

"வந்தாச்சு, வந்தாச்சு! எவ்வளவு அழகா இருக்கான் பாரு!" என்று பூரித்துப்போன நாக்கு, அடுத்த துண்டையும் இடது பக்கமே தள்ளியது.