குமிழி ஏறிய கிளாஸ்

"எது வேணுமோ எடுங்க மாமா. தினமும் கையில இருக்கப்போறது, பிடிச்சதா இருக்கணும்."

மேசையில் ஆறு கிளாஸ்களைப் பரப்பினான் மச்சினன். கண்ணாடிப் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்று ஊதுகிறவன். ஆறும் அவன் ஊதியவை. கூடவே ஒரு விஸ்கி பாட்டில்.

அவன் அக்கா பாட்டிலைத் தள்ளி வைத்தாள். தன் கணவருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை.

"என் குடியைக் கெடுக்க வேற ஆளே கிடைக்கலியாடா? கூடப்பிறந்தவன்தான் வரணுமா?"

"கிளாஸ்தானே அக்கா குடுக்கிறேன்."

"கூடவே பாட்டிலும் வந்திருக்கே, அது துணைக்கு வந்ததா?"

அவள் கணவர் தையல்காரர். துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கிளாஸாகத் தடவினார். ஒன்று வழுக்கியது. ஒன்றின் விளிம்பு உதட்டுக்குத் தடிப்பு. நாலாவதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. புகை நிறம். கட்டைவிரல் பதிகிற இடத்தில் லேசான பள்ளம். விளக்குக்கு நேராகப் பிடித்தபோது, அடியோரத்தில் கடுகளவு ஒரு குமிழி மின்னியது.

"இதுல குறை இருக்கே மாப்ளே."

"ஊதும்போது சிக்கின காத்து மாமா. வேற எடுங்க."

"வேணாம். இதுதான் என் கைக்கு ஒத்துக்குது."

தையல்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு, விளிம்பு வரை, ஒரே ஒரு கிளாஸ். இரண்டாவதைத் தொடமாட்டார். அதற்காகத் தன்னை ஒழுக்கசாலி என்றும் நினைத்துக்கொண்டார். முன்பு இரண்டு முறை குடியை ஒரேயடியாக விட்டுப் பார்த்திருந்தார். இரண்டு முறையும் வலிப்பு வந்து மிஷின் மேலேயே சரிந்தார்.

மூன்றாவது வாரம் மனைவியைக் கூப்பிட்டார்.

"குமிழி எங்க இருக்கு, பாரு."

"அடியில."

"அடியில இல்ல. ஏறியிருக்கு."

"குடிச்சா குமிழி நடக்கும். இன்னும் கொஞ்சம் குடிங்க, கிளாஸே ஆடும்."

அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். உயரம் அதேதான். சுற்றளவு அதேதான். நாற்பது வருஷமாக மனிதர்களை வெளியே மட்டும் அளந்தவர். கிளாஸையும் அப்படியே அளந்தார்.

"அளவு மாறல. ஆனா கனக்குது. காலியா எடுத்தாலும், உள்ள யாரோ உக்காந்திருக்கிற மாதிரி கனக்குது."

மச்சினன் ஞாயிறுதோறும் வந்தான், தோளில் பையோடு. அக்கா கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாசலில் ஆரம்பித்த வசவு அவன் போகும்வரை ஓயாது. அவன் பாட்டுக்கு உள்ளே போய், கிளாஸைக் கழுவித் துடைத்து, மாமா முன்னால் வைப்பான்.

"மாப்ளே, குமிழி ஏறிக்கிட்டே இருக்கு."

"இறுகின கண்ணாடி கல்லு மாமா. கல்லுக்குள்ள காத்து நடக்குமா?"

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டான்.

இரண்டு மாதத்தில் குமிழி பாதி கிளாஸைத் தாண்டிவிட்டது. தையல்காரர் கிளாஸை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தார்; ஆறு மணிக்கும் மச்சினன் வரும்போதும் மட்டும் திறக்கச் சொன்னார். அலமாரியையும் துணி போட்டு மூடினார். அப்படியும் அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவரால் முடியவில்லை. கை நடுக்கம் நின்று, முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அது காத்து இல்லடி. என் மூச்சு. விளிம்புக்கு வந்த அன்னிக்கு நான் இருக்கமாட்டேன்."

"தூக்கிப் போட்டு உடைச்சிடறேன்."

"ஐயோ! உடைச்சா இப்பவே போயிடுவேன்!"

பதினோராவது ஞாயிறு. விளிம்புக்கும் குமிழிக்கும் நடுவே நகக்கண் அளவுதான் இடைவெளி. தையல்காரர் கட்டிலை விட்டு எழவில்லை. போர்வைக்குள்ளிருந்து, "மணி ஆறாயிடுச்சா? ஆறாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதவு தட்டப்பட்டது. அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள காலை வைக்காதே. அந்தச் சனியனை நீ குடுத்த நாள்லேர்ந்து மனுஷன் சாவை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார்."

"அக்கா, பையை மட்டும்..."

"பையைத் தூக்கி வீதியிலதான் எறியப்போறேன்!"

பிடுங்கினாள். பிடுங்கியதில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று அவள் கையிலேயே விழுந்தது. பிரித்தாள். புகை நிறக் கிளாஸ். அதே பள்ளம்.

அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. கிளாஸ் பூட்டுக்குள் இருக்கிறது. பிறகு இது எப்படி வெளியே வந்தது?

உள்ளே விரலை விட்டாள். விரல் நுனிகூட முழுசாக நுழையவில்லை. அதற்குக் கீழே எல்லாம் கண்ணாடி. ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் பிடிக்கும்.

"என்னடா இது?"

"மெதுவா பேசு. வாரம் ஒரு கிளாஸ் மாத்தினேன். வெளி அளவு ஒண்ணுதான், அடி மட்டும் தடிச்சுக்கிட்டே வரும், புகை நிறத்துல அது தெரியாது. ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வருது, கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்னு டாக்டர்தான் சொன்னார். மாமாகிட்ட சொன்னா ரெண்டாவது கிளாஸ் ஊத்திப்பார்."

"அப்ப அந்தக் குமிழி?"

"அது என் தப்பு. குறையுள்ளதைத்தான் எடுப்பார்னு நான் கண்டேனா? ஒவ்வொண்ணுலயும் வைக்கவேண்டியதாப்போச்சு. அடி உசர உசர அதுவும் உசந்துடுச்சு. இவ்ளோ பயப்படுவார்னு நினைக்கல அக்கா. இதுல குமிழி வைக்கல. பிடிச்சது விட்டுப்போச்சுன்னு சொல்லு, எழுந்து உக்காந்துடுவார்."

பதினோரு வாரம் அவள் வீசிய சொல் ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

"பாவி, என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொல்லியிருந்தா என்னைத் திட்டறதை நிறுத்தியிருப்பே. நீ திட்டற வரைக்கும்தானே அக்கா மாமா என்னை நம்புவார்?"